"வேணுமா?" என்று கேட்காதீர்கள்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில், நமது கூட்டமைப்பின் முன்னாள் தலைவியும் இன்றைய பயிற்றுநருமான சகோதரி ஆற்றிய உரை. பேசியபடியே, சிறிது சுருக்கித் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)



விடியற்காலையிலேயே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, ஆடு மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்னும் சில வாரங்களில் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்களின் தேவைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றைத் தொகுத்து, கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் என்று கூட்டமைப்பு தயார் செய்து, கிராம சபையில் வைக்க வேண்டும். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் நம்முடைய பேச்சும் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சும்மா கிடைத்ததில்லை இது. நம்மை யாரும் கேட்காமலே நமக்குத் திட்டம் போட்ட காலமும் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசுவோம். இந்தப் படிவத்தை நாம் எப்படி நிரப்புகிறோம்? கூட்டமைப்பு அலுவலகத்தில் ஃபேனைப் போட்டு உட்கார்ந்து, செயலாளரும் கணக்காளரும் போன வருஷத்துப் படிவத்தைப் பார்த்து இந்த வருஷம் எழுதுகிறோம். சிரிக்கிறீங்க. சிரிக்கிறவங்க எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம். நானும் எழுதியவள்தான்.

நம்மை யாரும் கேட்கவில்லை என்று நாம் குறை சொல்கிறோம். நாம் தலைவியாக வந்த பிறகு யாரைக் கேட்டோம்? இதுதான் இன்றைக்குப் பேச்சு. அடுத்தவர் தப்பைச் சொல்வது சுலபம் என்பதால், என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம், மிளகாய் விளைகிற பூமி. 2009-ல் எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் 18 குழுக்கள் இருந்தன. நான்தான் தலைவி. குழு நன்றாக நடக்கிறது, ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று ஒரு வேகம். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கிற மெஷின் ஒன்றைப் பொதுவில் வாங்கிப் போட்டால் உறுப்பினர்களுக்கும் வசதி, கூட்டமைப்புக்கும் வருமானம் என்று நினைத்தோம். மாதக் கூட்டம் கூட்டினோம். 18 குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதி என்று 36 பேர் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று கேட்டேன்:

"நமக்கு ஒரு அரவை மெஷின் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்!" என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள். கைதட்டல் வேறு. தீர்மானம் எழுதி 36 பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தீர்மான நோட்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்கும்.

மெஷின், மோட்டார், மின் இணைப்பு, ஷெட் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். 40 ஆயிரம் கூட்டமைப்பின் சொந்தப் பணம், மீதி 2 லட்சம் வங்கிக் கடன். மாதத் தவணை 6,600 ரூபாய். ஊர்ச் சாவடிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தோம், ஜிலேபி கொடுத்தோம்.

முதல் மாதம் வந்த வருமானம் 1,900 ரூபாய். புதுசுதானே, போகப் போகப் பழகும் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாவது மாதம் 1,400. மூன்றாவது மாதம் கரண்டு பில்லுக்கும் மெஷின் ஓட்டுகிற பெண்ணின் சம்பளத்துக்குமே காணவில்லை. தவணையைக் கூட்டமைப்புச் சந்தாவிலிருந்து எடுத்துக் கட்டினோம்.

அப்போதும் எங்களுக்கு என்ன தோன்றியது தெரியுமா? "நம்ம சனங்களுக்கு ஒத்துமை இல்லை, சொந்த மெஷினை விட்டுட்டு வெளியே போய் அரைக்கிறாங்க" என்று உறுப்பினர்கள் மேல்தான் கோபம். வெளியே அரைத்தால் 50 ரூபாய் அபராதம் போடலாமா என்று கூட ஒரு கூட்டத்தில் பேசினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு அக்கா மாவு மில் வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகு 14 வருஷமாக அவரே தனியாக நடத்தி வந்தார். நம் குழு உறுப்பினர்தான். நான்காவது மாதம் அவர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை. அதுவரை ஒருநாள் கூடத் தவறாதவர். நானும் அந்தக் குழுவின் ஊக்குநரும், ஏன் கட்டவில்லை என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் சண்டை போடவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு மில்லில் வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து என் மடியில் போட்டார். தினமும் யார் யார் எத்தனை கிலோ அரைத்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று 14 வருஷமாக எழுதி வைத்திருந்த நோட்டுகளில் ஒன்று அது. நம் மெஷின் திறந்த அன்றிலிருந்து மிளகாய் அரைக்க வருபவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். பாதிப் பேர் நம்மிடம் வந்தார்கள். வந்து பார்த்துவிட்டு, நம் மெஷின் பிடிக்காமல், டவுனுக்குப் போகிற ஆளிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அவரிடம் திரும்பிப் போகக் கூச்சம். ஆக நமக்கும் இல்லாமல் அவருக்கும் இல்லாமல் போயிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி. மெஷினை எங்க வைக்கணும், எத்தனை மணிக்கு ஓட்டணும், எந்த மாசம் கூட்டம் வரும், எந்த மாசம் ஈ ஓட்டணும், எல்லாம் நானே சொல்லியிருப்பேனே. இதுதானே எம் பொழப்பு" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் அவரைக் கேட்கவில்லை என்று யோசித்தால், வேண்டாம் என்று யாரும் விலக்கவில்லை. எங்கள் கூட்டம் மாலை 5 மணிக்கு. மாவு மில்லுக்கு ஆள் வருகிற நேரமும் அதுதான். அவ்வளவுதான் காரணம். அந்த ஊரில் அரவையைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள், அரவை மெஷின் பற்றிய கூட்டத்தில் இல்லை. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவும் இல்லை.

அதன் பிறகுதான் வீடு வீடாகப் போனோம். நான்கு பேர், பத்து நாள். மெஷின் வாங்குவதற்கு முன்னால் போக வேண்டிய நடையை வாங்கிய பிறகு போனோம். அப்போது தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பெண்கள் காலையில் காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விடுவார்கள். திரும்புவது மாலை 5 மணி. நம் மெஷினைப் பூட்டுகிற நேரமும் 5 மணி! சரி, இரவு ஓட்டலாம் என்றால் அது மின்வெட்டுக் காலம். மும்முனைக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நமக்கு மோட்டார் விற்ற கடைக்காரர் எத்தனை ஹெச்.பி. என்று சொன்னார். எங்கள் ஊரில் எத்தனை மணி நேரம் கரண்டு இருக்கும் என்று அவர் எப்படிச் சொல்வார்?

அடுத்தது அளவு. நாங்கள் வாங்கியது பெரிய மெஷின். ஐந்து கிலோவுக்குக் குறைந்து போட்டால் மெஷினுக்குள்ளேயே தூள் தங்கிவிடும். நம் பெண்கள் ஒரு தடவைக்கு அரைப்பது ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு. "ஒரு கிலோ போட்டா முக்காக் கிலோதான் கையில வருது, காக்கிலோ மெஷினுக்குக் காணிக்கையா?" என்று ஒரு பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாவது, சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. மிளகாய் அரைத்தால் நெடி நேரே அங்கேதான் போகும். பிள்ளைகள் தும்மியும் இருமியும் அழுதிருக்கின்றன. அங்கன்வாடி அம்மா இரண்டு முறை மெஷின் ஓட்டுகிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பயந்துகொண்டு எங்களிடம் சொல்லவே இல்லை.

நான்காவதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. காலனியிலிருந்து ஒரு பெண்ணும் மெஷினுக்கு வந்ததில்லை. அங்கே மூன்று குழுக்கள் இருக்கின்றன. ஆறு பேர் கூட்டத்துக்கு வந்து கையும் தூக்கினார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டபோது முதலில் "நேரமில்லைக்கா" என்றார்கள். மூன்றாவது முறை போய்த் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்த பிறகுதான் ஒரு தங்கச்சி சொன்னாள்: "சாவடிப் பக்கத்துல மிளகாய்த் தூக்கோட நாங்க எப்படிக்கா வரிசையில நிக்கிறது? அங்க உக்காந்திருக்கிறவங்க பார்க்கிற பார்வை உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். இடம் பார்த்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் நான் அந்தத் தெருவில் தினமும் தாராளமாக நடக்கிறவள்.

இந்த நான்கும் அந்த 36 கையெழுத்துக்குள் இல்லை.

முடிவு என்னாச்சுன்னு கேட்பீர்கள். மெஷின் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் அந்த மில் அக்காவிடமே போய் நின்றோம். உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அவர் கோபம் நியாயமானது. மூன்று மாதம் கழித்துத்தான், மெஷினை அவர் மில்லிலேயே வைத்து அவரே ஓட்டுவது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூட்டமைப்புக்குத் தருவது என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். அவர் கேட்டபடி சிறிய அரவைக்கு ஏற்ற மாதிரி மெஷினில் மாற்றமும் செய்தோம். அவர் மில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது, இரண்டு பக்கத்துப் பெண்களும் ஏற்கெனவே வந்து போகிற இடம். கடன் ஒரு வருஷம் தாமதமாக முடிந்தது. சுமார் 60 ஆயிரம் ரூபாய் கூட்டமைப்புக்கு நஷ்டம். அது 250 பெண்கள் பத்தும் இருபதுமாகக் கட்டிய பணம்.

சரி, இது எங்கள் ஊர் மட்டும் செய்த தப்பா? இல்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களும் அரசாங்கங்களும் இதில் இடறி விழுந்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம், புகையில்லா அடுப்பு.

உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1983-ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புக்கு என்று தேசியத் திட்டம் கொண்டுவந்தது. 2002 வரை நடந்தது. நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகள் போட்டார்கள். நோக்கத்தில் குறையே இல்லை. புகையால் கண்ணும் நெஞ்சும் கெடுவது நம் தாய்மாருக்குத்தானே? ஆனாலும் எத்தனையோ வீடுகளில் அந்த அடுப்பு கொஞ்ச நாளில் இடிந்துபோனது, அல்லது அதன் மேல் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பழைய மூன்று கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பிற்காலத்தில் ஒடிசாவில் ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான எஸ்தர் டஃப்லோ என்ற அம்மையாரும் அதில் இருந்தார். 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களில், புகைபோக்கி வைத்த மண் அடுப்பு என்ன பலன் தருகிறது என்று நான்கு ஆண்டுகள் வரை பார்த்தார்கள். முதல் வருஷம் புகை உள்ளே போவது குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலனும் இல்லை. காரணம், பெண்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, உடைந்தபோதும் அடைத்தபோதும் சரிசெய்யவும் இல்லை. பரிசோதனைச் சாலையில் நன்றாக எரிந்த அடுப்பு, வீட்டுக்குள் வந்ததும் வேறு அடுப்பாகிவிட்டது.

இதைக் கேட்டதும் "நம்ம பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லத் தோன்றும். நானும் வெளியே அரைத்தவர்களுக்கு அபராதம் போடப் பார்த்தவள்தானே! கொஞ்சம் நின்று, சமைக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். களி கிண்டும்போது முழு பலத்தோடு கிண்ட வேண்டும், பானை ஆடக்கூடாது, அடுப்பு அந்த அடியைத் தாங்க வேண்டும். நாலு பேருக்கு ஆக்குகிற பானை வேறு, விருந்தாளி வந்தால் வைக்கிற பானை வேறு. அடுப்பு வாய் ஒரே அளவாக இருந்தால் என்ன செய்வாள்? விறகைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட வேண்டுமென்றால் யார் வெட்டுவது? புகைபோக்கியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய கூரை மேல் யார் ஏறுவது? கூரை வீட்டில் குழாய் சூடானால் தீப்பிடிக்காதா என்ற பயம் வேறு. இன்னொன்று, அடுப்புக்கு மேலே பரணில் விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட சோளக் கதிருக்கு அந்தப் புகைதான் மருந்து, பூச்சி அண்டாது. புகையே இல்லாமல் போனால் விதையை எங்கே காப்பது? இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அடுப்படியில்தான் இருக்கிறது. கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

மாறாக நடந்ததும் உண்டு. நம் தெருக்களில் இருக்கிற இந்தியா மார்க்-2 கைப்பம்பு தெரியும்தானே? உறுதியான பம்பு. ஆனால் கீழே உள்ள வாஷர் தேய்ந்துவிட்டால், அத்தனை குழாயையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வெளியிலிருந்து வர வேண்டும். அதுவரை குடத்தோடு நடப்பது நாம். 1980-களில் கோவை மாவட்டத்தில் பம்புகளை வைத்துப் பல வருஷம் சோதித்துப் பார்த்து, எது அடிக்கடி கெடுகிறது, கெட்டால் யார் பழுது பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்து, மார்க்-3 என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதில் குழாயைக் கழற்றாமலே உள்ளே இருப்பதை மேலே எடுத்துவிடலாம். கிராமத்து ஆட்களே சரிசெய்யலாம். விலை கூடுதல்தான். ஆனால் பழுது பார்ப்பவரையும் கணக்கில் எடுத்துச் செய்த பம்பு.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒரு திட்டம் எழுதும் முன் யாரைக் கேட்பது?

அதைத் தினமும் பயன்படுத்தப் போகிறவரைக் கேட்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். அதை ஓட்டப் போகிறவர், கூட்டிப் பெருக்கப் போகிறவர், கெட்டால் சரிசெய்யப் போகிறவர், இவர்களை மறந்துவிடுகிறோம். பணம் தருகிற வங்கி மேனேஜரையும் எஸ்டிமேட் போடுகிற ஓவர்சியரையும் கேட்கிறோம். ஆனால் "எவ்வளவு தருவீங்க" என்று மட்டும் கேட்கிறோம், "எதை மாத்தலாம், எதை மாத்த முடியாது" என்று கேட்பதில்லை. எல்லாரையும் விட முக்கியம், இதனால் நஷ்டப்படப் போகிறவர். எங்கள் ஊர் மில் அக்கா மாதிரி ஒருவர் எந்தத் திட்டத்திலும் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் எதிர்ப்பார் என்று பயந்து தள்ளி வைக்காதீர்கள். எதிர்க்கிறவருக்குத்தான் அந்தத் தொழிலின் உள்விஷயம் தெரிந்திருக்கும்.

எப்படிக் கேட்பது? இதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். "வேணுமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? தலைவி கேட்கிறாள், பக்கத்தில் எல்லோரும் கை தூக்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று தூக்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, நேற்று என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். "போன வாரம் மிளகாய் அரைச்சீங்களா? எத்தனை கிலோ? யார் தூக்கிட்டுப் போனா? எத்தனை மணிக்கு? எவ்வளவு கொடுத்தீங்க? அன்னைக்கு என்ன சிரமம்?" இப்படிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நடந்ததைச் சொல்வார்கள். அதிலிருந்து தேவையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் மட்டும் கேட்காதீர்கள். வேலை நடக்கிற இடத்துக்குப் போங்கள். தண்ணீர் பிடிக்கிற இடம், களம், அடுப்படி. மாமியாரையும் மருமகளையும் சேர்த்து வைத்துக் கேட்டால் மாமியார் பதில்தான் கிடைக்கும். வாசலில் ஆண்கள் நின்றால் பதில் மாறும். கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். மூன்று கூட்டமாக வராதவள் வீட்டுக்கு முதலில் போங்கள். கைப்பிள்ளைக்காரி, படுக்கையில் மாமனார் இருக்கிறவள், ஊனமுற்ற பிள்ளை இருக்கிறவள், இவர்களால் வர முடியாது. இவர்கள் தேவைதான் படிவத்திலும் வராது.

புது வாழ்வுத் திட்டம் 2005-ல் வந்தபோது மக்கள் நிலை ஆய்வு செய்தோமே, நினைவிருக்கிறதா? தரையில் கோலப்பொடியால் ஊரை வரைந்து, வீட்டுக்கு ஒரு கல் வைத்து, யார் ஏழை என்று ஊராரே சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூடக் குச்சியை வாங்கி, "இந்த வீட்டை விட்டுட்டியே" என்று காட்டினாள். அந்த முறை நம்மிடம் இருக்கிறது. ஏன் பரணில் போட்டோம்?

ஒருவர் கேட்பதற்கும் இன்னொருவர் கேட்பதற்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயம் ஒத்துப்போகாது. ஒத்துப்போனால் நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-ல் எங்கள் ஊரில் துவைக்கிற இடம் ஒன்று கட்ட ஊராட்சியில் முடிவானது. மெஷினில் சூடு பட்டவர்கள் அல்லவா, இந்தத் தடவை அங்கேயே போய் உட்கார்ந்து கேட்டோம். வயசானவர்கள், "குனிய முடியலை, கல்லை இடுப்பு உயரத்துக்குப் போடுங்க" என்றார்கள். இளம் பெண்கள், "துவைச்சுட்டு அங்கேயே குளிப்போம், சுத்திச் சுவர் வேணும்" என்றார்கள். சுவர் என்றதும் பெரியவர்களுக்குக் கோபம்: "சுவர் வச்சா ராத்திரி குடிகாரப் பயலுக உள்ள உக்காருவாங்க. காலையில பாட்டிலைப் பொறுக்கிட்டுத்தான் துவைக்கணும்." இரண்டு பேர் சொன்னதும் சரிதான். பக்கத்து வீட்டு அப்பத்தா ஒருவர், "எதையாச்சும் கட்டுங்க, சோப்புத் தண்ணி எங்க வாசலுக்கு வரக்கூடாது" என்றார். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஓவர்சியரைக் கூப்பிட்டு, எல்லோரையும் வைத்துக்கொண்டே பேசினோம். கல் உயரம் மாற்றுவது பிரச்சினை இல்லை, கழிவுநீர் வாய்க்காலைத் திருப்பிவிடலாம், சுவருக்கு எஸ்டிமேட்டில் பணம் போதாது என்றார். பேசிப் பேசி, நெஞ்சு உயரத்துக்கு மட்டும் சுவர் என்று முடிவானது. உட்கார்ந்து குளித்தால் மறைவு இருக்கும், வெளியில் நின்று பார்த்தால் உள்ளே யார் என்று தெரியும். நாலு கல்லில் இரண்டு உயரம், இரண்டு தாழ்வு. முழுச் சுவர் கேட்ட பெண்களுக்கு இதில் முழு சந்தோஷம் இல்லை. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் முன்னால்தான் பேசினோம். அந்த இடம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அப்பத்தா வாசலுக்கு மட்டும் மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் வருகிறது. அதை இன்னும் சரிசெய்யவில்லை, அவரும் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. சொன்னதைச் சொன்னவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "குடிநீர் வசதி தேவை" என்று எழுதினால் அதிகாரிக்கும் புரியாது, அடுத்த வருஷம் நமக்கே புரியாது. "கிழக்குத் தெரு 22 வீட்டுக்கும் ஒரே குழாய், காலை 6 மணிக்கு அரை மணி நேரம்தான் வருது, கடைசி 7 வீட்டுக்குக் கிடைக்கலை" என்று எழுதுங்கள். எழுதியதைத் திரும்பப் போய் அந்தப் பெண்களிடமே படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று ஒருத்தியாவது சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய பிறகுதான் தீர்மானம், கையெழுத்து எல்லாம். ஒரு கோரிக்கையைச் சேர்க்க முடியவில்லை என்றால் அதையும் சொன்னவளிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அவள் வாய் திறக்க மாட்டாள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று முன்வரிசையில் ஒரு சகோதரி முகத்திலேயே தெரிகிறது. எங்களுக்கு நான்கு பேர் பத்து நாள் ஆனது. மெஷின் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

(இடையில் ஓர் உறுப்பினர், "அந்த மில் அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.)

நல்லா இருக்காங்க. மில்லை இப்போது மகன் பார்க்கிறார். அக்கா கூட்டத்துக்கு வருகிறார், ஏனென்றால் கூட்டத்தை இரவு 7 மணிக்கு மாற்றிவிட்டோம். மெஷினுக்கு இரண்டு தடவை மோட்டார் மாற்றியாயிற்று. இத்தனை வருஷம் ஓட்டியும் அவர் அதை "உங்க மெஷின்" என்றுதான் சொல்வார். நானும் ஒன்றும் சொல்வதில்லை.

சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். மதியம் யாரும் நாற்காலியில் உட்கார வேண்டாம், மரத்தடியில் பாய் விரித்திருக்கிறோம். கோலப்பொடியும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்து வந்தவர்களும் தனித்தனியாக உட்கார்ந்து உங்கள் ஊரை வரையுங்கள். போன கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டின் மேல் எல்லாம் ஒவ்வொரு புளியங்கொட்டை வையுங்கள். எந்தத் தெருவில் கொட்டை அதிகம் விழுகிறதோ, நாளைக்குக் காலையில் முதலில் அங்கே போக வேண்டும். யார் போவது என்பதை மதியமே பேசி எழுதிக்கொள்வோம். போகும்போது கையில் படிவத்தைக் கொண்டுபோக வேண்டாம். முதல் நாள் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.